சிங்கப்பூரில் முதல் பிள்ளை: ஊர்ச் சபைக் கடிதம் முதல் ஞானஸ்நானம் வரை ஒரு தாயின் குறிப்புகள்

மகன் பிறந்து பதினோராம் நாள். ராத்திரி மூன்று மணி. பொங்கோலில் எங்கள் வீட்டுக் கூடத்தில், ஒரு கையில் பிள்ளை, மறு கையில் வேதாகமம். சங்கீதம் ஒன்றைத் திறந்து ஒரே வரியை ஐந்து முறை வாசித்தேன். கண் எழுத்தின் மேல் போகிறது, உள்ளே ஒன்றும் இறங்கவில்லை. நம் விசுவாசம் இவ்வளவுதானா என்று அழுதேன்.

ஊரில் என் அக்காவுக்குப் பேறுகாலம் நடந்தபோது இப்படி இல்லை. பெரியம்மா காயம் என்கிற பேறுகால மருந்து இடிப்பார், சித்தி துணி துவைப்பார், ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு சேகரத்து ஐயர், அதாவது எங்கள் வட்டாரச் சபைப் போதகர், வந்து தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டுப் போவார். ஆறுதல் தானாக வீட்டுக்கு வந்தது. அதைக் கொண்டுவந்தவர்கள் ஆட்கள் என்பது இங்கே வந்து தனியாக உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. சிங்கப்பூரில் அந்த ஆட்களை நாமே தேடிப் பிடிக்க வேண்டும். மருத்துவமனைப் பை கட்டுவதுபோல இதையும் வலி வருவதற்கு முன்னாலேயே கட்டி வைக்க வேண்டும்.

நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். கணவர் வேலை அனுமதியில் (எம்ப்ளாய்மென்ட் பாஸ்) இருக்கிறார், நான் சார்ந்தோர் அனுமதியில் (டிபெண்டன்ட்ஸ் பாஸ்). நீங்கள் கத்தோலிக்கரோ பெந்தெகொஸ்தே சபையோ என்றால் சில சொற்களும் தாள்களும் மாறும். வேலையின் வரிசை பெரும்பாலும் இதுதான்.

1. ஏழாம் மாதம் முடிவதற்குள் ஊர்ச் சபைக்கு எழுதுங்கள்

கேட்க வேண்டியவை மூன்று: சபை அங்கத்தினர் மாற்றுக் கடிதம், உங்கள் இருவரின் ஞானஸ்நான, திடப்படுத்தல் பதிவுகளின் நகல், ஆலயத்தில் நடந்த திருமணத்தின் சான்றிதழ் நகல். பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்க இங்குள்ள சபை இவற்றைக் கேட்கக்கூடும். கேட்காவிட்டாலும், கடிதத்தோடு போகிறவரைப் பார்க்கும் விதமே வேறு. புதிதாக வந்த யாரோ என்பது போய், "எந்த ஊரும்மா நீங்க?" என்று பேச்சு தொடங்கிவிடும்.

நான் செய்த தப்பு, பிரசவத்துக்குப் பிறகு கேட்டது. அதற்குள் எங்கள் சேகரத்து ஐயருக்கு மாற்றல் வந்துவிட்டது. புது ஐயருக்கு என்னைத் தெரியாது, பழைய பதிவேடு பெட்டிக்குள். கடிதம் கைக்கு வர ஏழு வாரம் ஆயிற்று, அதுவும் முத்திரை இல்லாமல். திருப்பி அனுப்பி மறுபடி வாங்கினேன். காசு பெரிதாகச் செலவாகவில்லை, கூரியருக்குத்தான். போனது மனநிம்மதி.

பெயரையும் பாருங்கள். நம் ஊர் ஆலயப் பதிவில் பெயர் தகப்பனாரின் இனிஷியலோடு இருக்கும். கடவுச்சீட்டில் அதே தகப்பனாரின் முழுப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டும் ஒரே ஆள் என்று இங்குள்ளவர்களுக்கு எப்படித் தெரியும்? கடிதத்தில் கடவுச்சீட்டில் உள்ளபடி பெயரை எழுதி, பதிவேட்டில் உள்ள பெயரையும் அடுத்த வரியில் குறிப்பிடச் சொல்லுங்கள். உங்கள் கடவுச்சீட்டின் படத்தை வாட்ஸ்அப்பில் சபை ஊழியருக்கு அனுப்பிவிட்டால் குழப்பம் வராது.

2. வயிற்றில் இருக்கும்போதே சபையைத் தேடுங்கள்

தமிழ் ஆராதனை இங்கே பஞ்சமில்லை. ஷார்ட் ஸ்திரீட்டில் தமிழ் மெதடிஸ்ட் ஆலயம், டோர்செட் சாலையில் ஆங்கிலிக்கன் கிறைஸ்ட் சர்ச், ஓஃபிர் சாலையில் கத்தோலிக்க லூர்து அன்னை ஆலயம் ஆகிய மூன்றும் லிட்டில் இந்தியாவைச் சுற்றியே இருக்கின்றன. வடகிழக்குப் பாதையில் இருப்பவர்களுக்கு ஃபேரர் பார்க் அல்லது லிட்டில் இந்தியா நிலையம் வசதி. குடியிருப்புப் பேட்டைகளிலும் தமிழ்ச் சபைகள் உண்டு.

பெயர் பெற்ற பிரசங்கியார் யார் என்று தேடி நான் இரண்டு மாதம் வீணாக்கினேன். கைக்குழந்தைக்காரிக்கு அது கடைசிக் கேள்வி. வீட்டிலிருந்து எவ்வளவு நேரம், மின்தூக்கி இருக்கிறதா, பால் கொடுக்க ஒதுக்கமாக அறை இருக்கிறதா, அந்த அறையில் பிரசங்கம் கேட்குமா என்று பாருங்கள். மூன்று ஞாயிறு தொடர்ந்து போங்கள். மூன்றாவது வாரமும் யாரும் உங்கள் பெயரைக் கேட்கவில்லை என்றால் வேறு சபையைப் பார்க்கலாம், அதில் குற்றவுணர்ச்சி வேண்டாம்.

பெண்கள் கூட்டத்தில் சேருங்கள். உங்கள் பேட்டையில் வீட்டு ஜெபக்கூட்டம் இருந்தால் அதிலும் சேருங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்க்கிறவர்களை புதன்கிழமை ராத்திரி கூப்பிட நா எழாது. அதனால் பிரசவத்துக்கு முன் இரண்டு பேரின் எண்ணாவது உங்களிடம் இருக்கட்டும். "ராத்திரியில் செய்தி அனுப்பினால் பரவாயில்லையா அக்கா?" என்று கேட்டு அனுமதி வாங்கி வையுங்கள். நான் கேட்ட அக்கா சிரித்துவிட்டு, "எனக்கும் மூணு மணிக்குத் தூக்கம் கிடையாது, சர்க்கரை" என்றார்.

போக்குவரத்தில் ஒரு பொறி: 1.35 மீட்டருக்குக் குறைவான பிள்ளைகளுக்கு வாகனத்தில் தகுந்த இருக்கை வேண்டும் என்பது இங்கே சட்டம். டாக்சிக்கு விலக்கு உண்டு, செயலியில் வரும் தனியார் வாடகைக் காருக்குக் கிடையாது. கைக்குழந்தையோடு கீழே நின்று, ஓட்டுநர் ஏற்ற மாட்டேன் என்று போய்விட்டால் அன்றைய ஆராதனை அவ்வளவுதான். டாக்சி என்று பார்த்துப் பதியுங்கள். ரயிலும் பேருந்தும் இன்னும் நிம்மதி. பேருந்தில் தள்ளுவண்டியை மடிக்காமலே ஏற்றலாம்.

3. துணைக்கு வரும் அம்மாவின் விசா

இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு விசா வேண்டும். கட்டணம் 30 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), முகவர் மூலம் போனால் அவர் கூலி தனி. வருகை அட்டையை வந்து இறங்கும் நாளோடு சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். காசு கேட்கும் தளம் வந்தால் மூடிவிடுங்கள்.

விசாவில் இருக்கும் தேதியும் இங்கே தங்க அனுமதிக்கும் நாட்களும் ஒன்றல்ல. இறங்கியதும் மின்னஞ்சலில் வரும் அனுமதியில் எத்தனை நாள் என்று போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. நீண்டகால அனுமதி எடுக்கலாமே என்று கேட்பீர்கள். வேலை அனுமதி வைத்திருப்பவரின் மாதச் சம்பளம் குறைந்தது 12,000 வெள்ளி இருக்க வேண்டும், அதுவும் அவருடைய பெற்றோருக்குத்தான். மாமியாருக்கு, அதாவது நம் அம்மாவுக்கு, பொருந்தாது.

ஆக அம்மா ஒரு நாள் கிளம்பித்தான் ஆக வேண்டும். விமான நிலையத்திலிருந்து திரும்பி வந்து, சமையலறையில் அம்மா கவிழ்த்து வைத்திருந்த சட்டியைப் பார்க்கிற நாள்தான் எல்லாவற்றிலும் மோசம். அந்த வாரத்தைக் குறித்து வைத்து, சபைப் பெண்களிடம் உதவியை அந்த வாரத்துக்குக் கேளுங்கள். பிறந்த வாரத்தில் எல்லோரும் வருவார்கள். அம்மா போன வாரத்தில், நாம் சொல்லாவிட்டால் ஒருவரும் வரமாட்டார்கள்.

4. அரசாங்கத் தாள்களைக் கணவரிடம் தள்ளுங்கள்

பிறப்பை 42 நாளுக்குள் இணையத்தில் பதிய வேண்டும், கட்டணம் 18 வெள்ளி. சான்றிதழ் மின்வடிவில்தான் வரும், தரவிறக்கி வையுங்கள். பெற்றோர் இருவரும் குடிமக்கள் இல்லை என்றால் இங்கே பிறந்ததால் மட்டும் பிள்ளைக்குக் குடியுரிமை வராது. கிரேஞ்ச் சாலை இந்தியத் தூதரகத்தில் பிறப்புப் பதிவு, பிள்ளைக்குக் கடவுச்சீட்டு, அதன்பின் சார்ந்தோர் அனுமதி என்று வரிசையாகப் போகும். சார்ந்தோர் அனுமதிக்குக் கணவரின் நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி இருக்க வேண்டும். முதல் வாரத்திலேயே தொடங்கச் சொல்லுங்கள்.

நீங்களே வேலைக்குப் போகிறவர் என்றால்: பிள்ளை சிங்கப்பூர்க் குடிமகன் ஆனால் 16 வாரம் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு. இல்லையென்றால் 12 வாரம். அதில் முதல் 8 வாரத்துக்குச் சம்பளம், மீதி நான்கு வாரத்துக்கு உங்கள் ஒப்பந்தத்தைப் பாருங்கள். பிரசவத்துக்கு முன் அந்த இடத்தில் மூன்று மாதமாவது வேலை பார்த்திருக்க வேண்டும்.

ஆவிக்குரிய கட்டுரையில் இதெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். மண்டைக்குள் 42 நாள், கடவுச்சொல், வெள்ளைப் பின்னணியில் கண் திறந்த போட்டோ என்று ஓடிக்கொண்டிருந்தால் ஜெபம் உட்காராது. என் கணவர் எல்லாத் தாளையும் ஒரு நீலக் கோப்பில் போட்டு, "இனி இது என் தலைவலி" என்று சொன்ன அன்று எனக்குத் தூக்கம் வந்தது.

5. ராத்திரி மூன்று மணிக்கு ஒரே ஒரு வசனம்

ஒரு வருடத்தில் வேதாகமம் முழுவதும் வாசிக்கும் அட்டவணையை இந்த வருடம் தொடாதீர்கள். நான் தொட்டேன். லேவியராகமத்திலேயே பதினெட்டு நாள் பாக்கி விழுந்து, பால் பாட்டிலோடு அதுவும் ஒரு கடனாகச் சேர்ந்தது.

அதற்குப் பதிலாக ஒரு வசனத்தைப் பெரிய எழுத்தில் தாளில் எழுதி, பால் கொடுக்கும் நாற்காலிக்கு எதிர்ச் சுவரில் ஒட்டுங்கள். கை இரண்டும் பிள்ளையிடம் இருக்கும், கண்தான் சும்மா இருக்கும். எனக்கு அந்த சர்க்கரை அக்கா அனுப்பியது ஏசாயா 40:11. "மேய்ப்பனைப்போலத் தமது மந்தையை மேய்ப்பார், ஆட்டுக்குட்டிகளைத் தமது புயத்தினாலே சேர்த்து, தமது மடியிலே சுமந்து, கறவலாடுகளை மெதுவாய் நடத்துவார்."

சின்ன வயதிலிருந்து கேட்ட வசனம். ஞாயிறு பள்ளியில் ஆட்டுக்குட்டியைப் பார்த்ததோடு சரி, கடைசிச் சொற்களைக் கவனித்ததே இல்லை. கறவலாடு என்றால் குட்டிக்குப் பால் கொடுக்கிற ஆடு. மந்தையோடு வேகமாக நடக்க அதனால் முடியாது. அதற்காக மேய்ப்பன் அதை அதட்டவில்லை, தன் நடையைக் குறைத்துக்கொள்கிறான். மெதுவாய் என்ற சொல்லுக்குக் கீழே மார்க்கரால் இரண்டு கோடு போட்டேன். அந்தத் தாளில் இப்போது பால் கறையும் மஞ்சள் கறையும் இருக்கின்றன, இன்னும் கிழிக்கவில்லை.

இரண்டாவது தாள் வேண்டுமானால் சங்கீதம் 131. மூன்றே வசனம். அதில் தாவீது தன் ஆத்துமாவைப் பால் மறந்த குழந்தைக்கு ஒப்பிடுகிறார். வாசிக்கவே முடியாத ராத்திரிகளுக்குப் போனில் தமிழ் வேதாகம ஒலிப்பதிவைத் தரவிறக்கி, சத்தத்தைக் குறைத்து ஓடவிடுங்கள். ஜெபம் வாயில் வராவிட்டால் "கர்த்தாவே, காலைவரை" என்று சொன்னாலே போதும். நான் பல ராத்திரி அவ்வளவுதான் சொன்னேன்.

நீதிமொழிகள் 31-இல் வரும் குணசாலியான ஸ்திரீயைத் தாய்மார்களின் தலையில் தூக்கி வைக்கிறவர்கள் நிறைய. இருட்டோடு எழுந்து வீட்டாருக்கு ஆகாரம் கொடுப்பாள் என்று சொல்லி நிறுத்திவிடுவார்கள். அதே வசனத்தில் அவளுக்கு வேலைக்காரிகள் இருந்தார்கள் என்றும் எழுதியிருக்கிறது. உங்களுக்குப் பணிப்பெண் இல்லை என்றால் ஒப்பிடாதீர்கள்.

6. முதல் நாற்பது நாள்: ஆலயம் போகாவிட்டால்?

போகாவிட்டால் ஒன்றுமில்லை. அன்னாளைப் பாருங்கள். வருடந்தோறும் சீலோவில் இருந்த ஆலயத்துக்குப் போகிற குடும்பம். சாமுவேல் பிறந்தபின் பிள்ளை பால் மறக்கும்வரை வரமாட்டேன் என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டாள். எல்க்கானாவும் உனக்கு நலமாய்த் தோன்றுகிறபடி செய் என்று விட்டுவிட்டார். இத்தனைக்கும் அது ஆலயத்தில் அழுது வாங்கிய பிள்ளை! இணையத்தில் ஆராதனை பாருங்கள், பாதியில் தூங்கிப்போனால் தூங்குங்கள்.

சபையிலிருந்து பார்க்க வருகிறவர்களுக்கு விதி வைக்கலாம், தப்பில்லை. சளி இருந்தால் வர வேண்டாம், வந்தால் அரை மணி நேரம், பிள்ளையைத் தொடுமுன் கை கழுவ வேண்டும். இதை நீங்கள் சொன்னால் மனத்தாங்கல் வரும், கணவரைச் செய்தியாக அனுப்பச் சொல்லுங்கள். என்ன கொண்டுவரட்டும் என்று கேட்டால் "ஒன்றும் வேண்டாம்" என்று நம் ஊர் மரியாதைக்குச் சொல்லிவிடாதீர்கள். பூண்டுக் குழம்பு, தேக்காச் சந்தையில் வாங்கிய பால் சுறாவில் புட்டு என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். நான் உடுப்பு வேண்டாம் என்று சொல்லாததால் மூன்று மாதப் பிள்ளை போடும் அளவில் பதினான்கு சட்டை சேர்ந்தது.

ஒருநாள் அந்த அக்கா வந்தார். வழக்கமாக வருகிறவர்கள் உட்கார்ந்ததும் ஜெபிக்கலாமா என்பார்கள். இவர் நேரே சமையலறைக்குப் போய், தொட்டியில் கிடந்த ஆறு பாட்டிலையும் பிரஷ் போட்டுக் கழுவி, வெந்நீரில் போட்டுவிட்டு, ஈரக்கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்து, "இப்ப ஜெபிப்போம்" என்றார். அன்றைக்கு ஜெபம் உள்ளே இறங்கியது.

7. அழுகை இரண்டு வாரம் தாண்டினால் டாக்டர்

பிரசவமான முதல் சில நாட்கள் காரணமில்லாமல் அழுகை வரும், பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அடங்கும். அடங்காமல், பிள்ளை தூங்கும்போதும் தூக்கம் வராமல், பிள்ளையைப் பார்த்தாலே பயமாகவோ ஒன்றுமே தோன்றாமலோ இருந்தால் அது நோய். பிரசவம் பார்த்த டாக்டரிடமோ பலதுறை மருந்தகத்திலோ (பாலிகிளினிக்) சொல்லுங்கள். பத்துக் கேள்வி உள்ள ஒரு தாளைக் கொடுக்கலாம், மெய்யாகப் பதில் எழுதுங்கள். நான் முதல் தடவை எல்லாவற்றுக்கும் நல்ல பிள்ளையாகப் பதில் எழுதிவிட்டு வந்தேன், ஒரு மாதம் வீணாயிற்று. கட்டணத்தை முன்பதிவிலேயே கேளுங்கள், குடிமக்களுக்கான மானியம் நமக்குக் கிடைக்காது.

பேச ஆள் வேண்டுமானால் 1771-ஐ எந்நேரமும் அழைக்கலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு எட்டிப் பார்த்தாலும் 1767-ஐ அழையுங்கள், அதுவும் 24 மணி நேரம். பிள்ளைக்கோ உங்களுக்கோ அந்த நிமிடமே ஆபத்து என்றால் ஆம்புலன்ஸுக்கு 995.

ஜெபக்குழுவில் ஒருவர் என்னிடம், "விசுவாசம் இருந்தா மாத்திரை எதுக்கும்மா?" என்றார். நல்ல மனுஷிதான், ஆனால் அந்த வார்த்தையால் நான் பத்து நாள் மாத்திரையை நிறுத்தினேன். அதன் விளைவை என் கணவர் இன்றும் பேச விரும்புவதில்லை. டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். எலியா சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று சொன்னபோது, தேவதூதன் அவனைக் கண்டிக்கவில்லை. தட்டி எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடி தூங்கவிட்டு, இரண்டாந்தரமும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். உங்கள் ஆயரிடம் பேசும்போது இதையும் சொல்லலாம். என் ஆயர் கேட்டுவிட்டு, அடுத்த வாரம் பெண்கள் கூட்டத்தில் இதையே பேசினார்.

8. ஞானஸ்நானம்: தேதி, தாள், செலவு

தாள்கள்: பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் திருமணச் சான்றிதழ், ஊரிலிருந்து வந்த கடிதம், ஞானப்பெற்றோரின் பெயரும் அவர்கள் சபை விவரமும். கத்தோலிக்கருக்கு ஞானப்பெற்றோர் பொதுவாக 16 வயது நிரம்பியவராகவும் உறுதிபூசுதல் பெற்றவராகவும் இருக்க வேண்டும், பெற்றோரே ஞானப்பெற்றோர் ஆக முடியாது. பழைய ஆங்கிலிக்கன் வழக்கில் ஆண் பிள்ளைக்கு இரண்டு ஞானத்தகப்பன், ஒரு ஞானத்தாய். பெண்ணுக்கு மாற்றிப் போடுவார்கள். ஊரில் இருக்கும் அண்ணன்தான் ஞானத்தகப்பன் என்றால், அவர் வர முடியாவிட்டால் என்ன செய்வது என்று இப்போதே ஆயரிடம் கேளுங்கள். பெந்தெகொஸ்தே சபைகளில் குழந்தைக்கு ஞானஸ்நானம் இல்லை, பிரதிஷ்டை ஜெபம்தான். தாள் தொல்லை குறைவு.

பெற்றோருக்கு வகுப்பு உண்டா, எந்த மாதங்களில் என்பதைப் பிரசவத்துக்கு முன்பே விசாரியுங்கள். வயிற்றில் இருக்கும்போதே வகுப்பை முடித்துவிட முடிந்தால் பெரிய உபகாரம். கூட்டத்தில் பிள்ளை கைமாறும் என்பதால், இரண்டாம் மாதத் தடுப்பூசி போட்டபின் நாங்கள் தேதி வைத்தோம். டிசம்பரை விட்டுவிடுங்கள், ஆயருக்கும் நேரமிருக்காது, விமானச் சீட்டும் எகிறும்.

சபை எங்களிடம் கட்டணம் கேட்கவில்லை. ஸ்தோத்திரக் காணிக்கை உறையில் 50 வெள்ளி வைத்தோம். அது அவரவர் மனது. காசு போனது சாப்பாட்டில்தான். நாற்பது பேருக்கு பிரியாணி சொல்லி, அறுபது பேர் வந்தார்கள். இன்னொரு முறை என்றால் ஆராதனைக்குப் பின் தேநீரும் கேக்கும் போதும் என்றுவிடுவேன். வெள்ளை உடுப்பு ஊரிலிருந்து வந்தால் பருத்தியா என்று பாருங்கள். சாட்டின் துணியில் என் மகன் ஆராதனை முழுவதும் கத்தினான்.

சான்றிதழைக் கையில் வாங்கியதும், அங்கேயே நின்று பிறப்புச் சான்றிதழோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். எங்களுடையதில் ஆங்கிலத்தில் ஒரு 'எச்' விட்டுப்போயிருந்தது, பதிவேடு மேசையிலேயே இருந்ததால் இரண்டு நிமிடத்தில் திருத்தினார்கள். முத்திரையோடு இரண்டு பிரதி கேளுங்கள். லேமினேட் செய்யாதீர்கள், பின்னால் யாராவது சான்றொப்பமிட வேண்டி வந்தால் முடியாது. ஒரு பிரதி நீலக் கோப்புக்குள் போகட்டும், இன்னொன்றைப் படமெடுத்து ஊர்ச் சபை ஊழியருக்கு அனுப்புங்கள். நான் அனுப்பிய அடுத்த ஞாயிறு எங்கள் ஊர் ஆலயத்தில் மகனின் பெயரை வாசித்து ஸ்தோத்திரம் சொன்னார்களாம், அம்மா போனில் சொன்னார்.